பெயரிடாதது 1

என் மனைவி போவாட்டெமாவின் கணினியில் மொத்தம் ஏழு ஃபோல்டர்கள்தான். திங்கள், செவ்வாய், புதன் என்று ஞாயிறு வரைக்கும். எங்கள் ஊர் குமாசியில் பாதிப் பேருடைய விண்ணப்பம், வழக்கு, கல்யாணம், கருமாதி எல்லாம் அந்த ஏழுக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

எங்கள் ஆட்கள் பிறக்கும்போதே கிழமைப் பெயரோடுதான் பிறக்கிறார்கள். செவ்வாயில் பிறந்ததால் நான் குவாபெனா. திங்களில் பிறந்ததால் அவள் அஜோவா. வீட்டில் வைக்கிற பெயர் அதற்குப் பின்னால்தான் வரும். கடை வாசலில் ஒருவர் தன் பெயரைச் சொன்னதுமே போவாட்டெமாவின் கை அவருடைய கிழமைக்குப் போய்விடும். முகவரி, தொலைபேசி எண் எதுவும் கேட்க மாட்டாள். கிழமைப் பெயர் இல்லாத வடக்கத்திக்காரர்கள் வந்தால் எந்தக் கிழமையில் பிறந்தீர்கள் என்று கேட்பாள். தெரியாது என்றால், அம்மாவுக்கு ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று ஸ்டூலில் உட்கார வைத்துவிடுவாள். ஐம்பது வயது லாரி முதலாளி ஒருவர், 'அம்மா, நான் என்னிக்குப் பொறந்தேன்?' என்று எங்கள் கடையிலிருந்து ஃபோனில் கெஞ்சியதை நானே என் காதால் கேட்டிருக்கிறேன்.

தட்டச்சுக் கடை என்று சொன்னாலும் அது பழைய சரக்குப் பெட்டகம்தான். ஆஷ்டவுனில், தையற்கடைக்கும் கஞ்சிக்கடைக்கும் நடுவில், நீல வண்ணம் அடித்து நிற்கிறது. பலகையில் அவள் பெயர் மட்டும் இருக்கும். அதில் எனக்கு ஒரு காலத்தில் வருத்தமே இல்லை. குமாசிக்கும் டெச்சிமானுக்கும் இடையில் இருபத்திரண்டு வருடம் ட்ரோட்ரோ வேன் ஓட்டினேன். அதன் பின்கண்ணாடியில் என் பெயர் இருந்தது, அது போதும் எனக்கு. என் முழங்கால் எனக்கு முன்னால் ஓய்வு பெற்றுவிட்டது. வேனை விற்றேன். ஆறு மாதமாக மனைவி கடையில் உட்கார்ந்திருக்கிறேன்.

உட்கார்ந்திருக்கிறேன் என்பதுதான் சரியான சொல். காகிதம் வாங்கி வருவேன், பின் அடிப்பேன், வாசலில் நின்று ஆள் கூப்பிடுவேன். மவுஸை மட்டும் தொட விடமாட்டாள். ஒரு முறை தொட்டதற்கு, "கியர் மாதிரி இழுக்காதய்யா, அது பாவம்" என்று பிடுங்கிக்கொண்டாள். தெருவில் என்னை எல்லாரும் போவாட்டெமா புருஷன் என்கிறார்கள். நேற்று வந்த கஞ்சிக்கடைப் பெண்கூட. மனதுக்கு வலித்தது, அதை மறைப்பானேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் தங்கை மகள் நிச்சயதார்த்தத்துக்கு டெச்சிமானுக்குக் கிளம்பினாள். சனிக்கிழமைதான் திரும்புவாள். ஃபைல் எடுப்பது எப்படி, அச்சுப் போடுவது எப்படி என்று எனக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்திவிட்டு, வேறு எதையும் தொடாதே என்று மூன்று தரம் சொன்னாள். மூன்று தரம் சொன்னதால்தான் எனக்கு ரோஷம் வந்தது. அவள் திரும்பி வரும்போது ஆச்சரியப்படும்படி ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை ஆள் வரத்து குறைவு. கணினி முன்னால் உட்கார்ந்து ஏழு ஃபோல்டர்களையும் திறந்து பார்த்தேன். கிழமைகளில் கை வைக்க எனக்கும் துணிச்சல் இல்லை. ஆனால் ஒவ்வொரு கிழமையிலும் ஒரு கூட்டம் பெயரே இல்லாமல் கிடந்தது. யாரும் பெயர் கொடுக்காமல் விட்டால் கணினி தானாகவே 'பெயரிடாதது 1', 'பெயரிடாதது 2' என்று எண் போட்டுக்கொள்ளுமாம். வியாழனில் மட்டும் அப்படி முப்பத்தெட்டு. இவ்வளவு நறுவிசான பெண், வீட்டில் ஒரு கரண்டி இடம் மாறினால் கத்துகிறவள், இங்கே இப்படிக் குப்பை சேர்த்து வைத்திருக்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வேனைக் கழுவுகிற மாதிரி முன்சீட்டிலிருந்து பின்சீட்டு வரை கூட்டித் தள்ளினேன். ஒவ்வொன்றாக எண்ணித்தான் குப்பைத் தொட்டிக்கு அனுப்பினேன், மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. முடித்ததும் திரை பளிச்சென்று இருந்தது. எனக்கு நானே பொரித்த மீனும் சோளமாவுக் கென்கேயும் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் குவாக்கு சார்ப்போங் வந்தான்.

சுவாமேயில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். அவன் மனைவி செர்வாதான் பக்கத்துத் தையற்கடைக்காரி. பதினோரு வருடம் பிள்ளை இல்லாமல் இருந்து, போன வெள்ளிக்கிழமைதான் பெண் குழந்தை பிறந்தது. ஆஷ்டவுனில் அன்று கஞ்சி வாங்கிய எல்லாருக்கும் அவன்தான் காசு கொடுத்தான். நாளைக்கு எட்டாம் நாள். விடியற்காலையில் பிள்ளையை முதல்முறையாக வாசலுக்குக் கொண்டுவந்து பெயர் சொல்வார்கள். அதுவரைக்கும் பெயர் அப்பன் மனசுக்குள் இருக்கும். பெற்றவளுக்குக்கூடத் தெரியாது.

அந்த விழாவில் கொடுக்க அறுபது நிகழ்ச்சி ஏடு கேட்டிருந்தான். திங்கட்கிழமை சாயங்காலம் அவன் அதே ஸ்டூலில் உட்கார்ந்து பேசப் பேச போவாட்டெமா தட்டினாள். பெயர் அதில் இருப்பதால் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். பெயர் மட்டுமில்லை, மகளுக்கு அவன் சொல்ல விரும்பியது ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. அதை நாளைக்கு எல்லார் முன்னாலும் அவனுடைய மாமா படிக்கப் போகிறார். சார்ப்போங் எழுதப் படிக்கத் தெரியாதவன். இதையெல்லாம் கண் மினுங்க என்னிடம் சொல்லிவிட்டு, எடுத்துக் கொடுங்கள் என்று நின்றான்.

புதனைத் திறந்தேன், அவன் குவாக்கு ஆயிற்றே. இரும்புக் கதவுக்கு விலை எழுதிய தாள்கள்தான் இருந்தன. வியாழனைத் திறந்தேன், அவன் மனைவி யா செர்வா. தையல் மிஷின் கடன் விண்ணப்பம் இருந்தது. வெள்ளியில் பிறந்த பெண் அஃபுவா என்பதால் வெள்ளியையும் திறந்தேன். போலீஸ்காரர் ஒருவரின் இடமாற்ற மனு, ஒரு பாஸ்டரின் பிரசங்கம், ஒரு கால்பந்துக் குழுவின் பெயர்ப் பட்டியல். குழந்தையைப் பற்றி எதையும் காணவில்லை.

அச்சு இயந்திரம் சூடாக வேண்டும், கொஞ்சம் பொறு என்றேன்.

"நான் வெல்டிங் அடிக்கறவன்ணே," என்றான் சார்ப்போங். "எனக்கே சூடு ஏத்தற கதையா?"

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போய்விடும், சாயங்காலம் ஏழுக்குத்தான் வரும் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். ஏழுக்கு வருமா என்று யாரிடமும் கேட்க முடியாது. அது வருகிறபோது வரும். மணி பத்தரை ஆகியிருந்தது. ஏழு கிழமையும் இரண்டு சுற்று வந்துவிட்டேன். கடைசியில் மெதுவாக, அந்தப் பக்கத்தை இன்னொரு முறை சொல்ல முடியுமா, நானே தட்டிவிடுகிறேன் என்று கேட்டேன். நான் ஒரு விரலால் தட்டுகிறவன். அந்த வேகத்தில் அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்குள் முடித்திருப்பேன்.

அவன் சிரிப்பு நின்றுபோயிற்று.

"பதினோரு வருஷம் உள்ளயே கெடந்ததுண்ணே. அன்னிக்கு என்னமோ வாய் தொறந்துச்சு, வந்துருச்சு. மறுபடியும் சொல்லுன்னா எனக்கே தெரியாது என்ன வரும்னு." தன் கையைப் பார்த்துக்கொண்டான். "அது இல்லேன்னா சும்மா பேரை மட்டும் சொல்லிக்கிறோம். பரவால்ல. எழுதத் தெரியாதவனுக்கு எதுக்கு எழுத்து."

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பரவாயில்லை என்றதுதான் என்னைக் கொன்றது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பயணியைக்கூட நான் நடுவழியில் இறக்கிவிட்டதில்லை. ரோஷத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு டெச்சிமானுக்கு ஃபோன் போட்டேன்.

அந்தப் பக்கம் மேளமும் பெண்கள் சிரிப்புமாக இருந்தது. நான் விஷயத்தைச் சுற்றி வளைத்து, அவள் உடம்பு எப்படி, தங்கை உடம்பு எப்படி என்று ஆரம்பித்தேன்.

"என்னத்தை உடைச்ச?" என்றாள் போவாட்டெமா.

எதையும் உடைக்கவில்லை, சார்ப்போங் பிள்ளையுடைய ஃபைல் எந்தப் பெயரில் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

"பேரா? பிள்ளைக்கே நாளைக்குத்தானே பேரு. ஃபைலுக்கு நான் முந்திக்கிட்டு வைப்பேனா? பேர் இல்லாம வெள்ளியில கெடக்கும் பாரு."

அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். கடை வாசலைத் தாண்டாத எதற்கும் அவள் பெயர் வைப்பதில்லையாம். பிள்ளைக்கு எட்டு நாள் என்றால், கடிதத்துக்கு அது கிளம்புகிற நாள். எழுதிவிட்டு அனுப்பத் தைரியமில்லாமல் ஒருவர் விட்டுப்போன ராஜினாமா, சண்டை ஆறட்டும் என்று ஒருத்தி நிறுத்தி வைத்த விவாகரத்து மனு, பதில் வருமோ வராதோ என்று கிடக்கிற காதல் கடிதம், எல்லாம் பெயரில்லாமல்தான் இருக்கும். வாசலைத் தாண்டிய அன்றுதான் பெயர். பத்து வருடமாக இப்படித்தான் நடக்கிறது. பக்கத்தில் ஆறு மாதம் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் தெரியவில்லை.

"ஏன் பேச்சையே காணோம்?" என்றாள்.

கூட்டிவிட்டேன் என்று சொன்னேன். எத்தனை என்றாள். இருநூற்றுப் பன்னிரண்டு என்றேன். மேளச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் எழுந்து வெளியே போகிறாள் என்று தெரிந்தது. ஏனென்றால் அடுத்து அவள் பேசியபோது மேளம் தூரத்தில் இருந்தது.

"தொட்டியைக் காலி பண்ணிட்டியா? நிதானமா யோசிச்சுச் சொல்லு."

யோசிக்கத் தேவையே இல்லை. என் வேனில் டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி இருந்தது. பயணிகள் விட்டுப்போன குடை, ஒற்றைச் செருப்பு, பைபிள், ஒரு தரம் உயிரோடு ஒரு கோழி, எதுவானாலும் ஒரு மாதம் அதில் இருக்கும். கோழி நாலு முட்டை போட்டது. கேட்டு வந்தவரிடம் நாலையும் சேர்த்துத்தான் கொடுத்தேன். வண்டியைக் கூட்டுவது வேறு, எடுத்து வீசுவது வேறு. தொட்டியைக் காலி செய்யலாமா என்று கணினி நேற்று காட்டியபோது, ஒரு மாதம் போகட்டும் என்று என் விரல் தானாகவே விலகியிருந்தது.

இல்லை என்றேன். அவள் விட்ட மூச்சு டெச்சிமானிலிருந்து என் காதில் பட்டது.

பிறகு அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். தொட்டியைத் திறந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டும் ஒரே முகத்தோடு வரிசையாக நின்றன. இதில் எது சார்ப்போங் பிள்ளை என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று அழாத குறையாகக் கேட்டேன். பெயருக்குப் பக்கத்தில் பார், எந்த ஃபோல்டரில் இருந்து விழுந்தது என்று எழுதியிருக்கும் என்றாள். எழுதியிருந்தது. பெயர் இல்லாவிட்டாலும் அவை கிழமையைத் தொலைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்காரர்கள் இருபத்தாறு பேர். அதில் போன திங்கட்கிழமை தேதி போட்டது ஒன்றே ஒன்று. பெயரிடாதது 1.

அதன்மேல் மவுஸை வைத்து, கியர் மாதிரி இழுக்காமல், முட்டையைத் தொடுகிற மாதிரித் தொட்டு, பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பினேன். வெள்ளியைத் திறந்தேன். இருந்தது.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சார்ப்போங் எழுந்து ஓடி வந்தான். பெயரைப் பார்க்காதே என்று நான் திரையை மறைத்தேன். பெயரை வைத்ததே அவன்தான் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஃபோனில் போவாட்டெமாவும் சிரித்தாள். வைக்கும் முன்னால் குரலை மாற்றிக்கொண்டு, "எல்லாத்தையும் திரும்ப எடுத்து வை. செவ்வாயில பேரில்லாத ஒண்ணு இருக்கும், போன வாரத்துத் தேதி. அதை மட்டும் தொறக்காத" என்றாள்.

பதினொன்று இருபதுக்கு அச்சு ஓட ஆரம்பித்தது. சார்ப்போங் ஒவ்வொரு தாளையும் சூடான ரொட்டி மாதிரி இரண்டு கையாலும் வாங்கி அடுக்கினான். தன்னால் படிக்க முடியாத அந்தப் பக்கத்தை விரலால் வரிவரியாகத் தடவிப் பார்த்தான். அறுபதாவது ஏடு வெளியே விழுந்து, நான் பின் அடித்துக்கொண்டிருந்தபோது விசிறி நின்றது. மணி பன்னிரண்டு அடிக்க நாலு நிமிடம்.

அட்டையில் இருந்த பெயர் என் கண்ணில் பட்டுவிட்டது. அதன் பிறகு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கால்பந்து ஆட்டத்தின் முடிவையே கேட்காதவனிடமும் சொல்லிவிடுகிற வாய் இது. கஞ்சிக்கடைப் பெண், என்ன பெயராம் என்று மூன்று முறை வந்து கேட்டாள். மதியம் முழுக்க வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு சமாளித்தேன்.

வெள்ளி விடியற்காலை சார்ப்போங் வீட்டு முற்றத்தில் எல்லாரும் வெள்ளை உடுத்தி நின்றோம். செர்வா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவனுடைய மாமா பிள்ளையின் நாக்கில் ஒரு துளி தண்ணீர் வைத்து, தண்ணீர் என்றால் தண்ணீர் என்றே சொல் என்றார். அடுத்து ஒரு துளி மது வைத்து, மது என்றால் மது என்றே சொல் என்றார். எட்டு நாள் பிள்ளை முகத்தைச் சுளித்தது. எனக்கு அச்சு இயந்திரம் சூடாகிற கதை ஞாபகம் வந்தது. சார்ப்போங்கைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

மாமா ஏட்டைப் பிரித்துப் படித்தார்.

"மகளே, உங்கம்மா பதினோரு வருஷம் ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் வெள்ளைச் சட்டை தச்சா. ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு பட்டன் கூடுதலா வாங்கி, அதை உனக்குன்னு ஒரு டப்பாவுல போட்டு வச்சா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சா. நான் டெய்லி அந்த டப்பாவைக் குலுக்கிப் பாப்பேன். சத்தம் கேக்கக் கேக்க, நீ கிட்ட வந்துட்டேன்னு நெனச்சுக்குவேன்."

செர்வா புருஷனை ஏறிட்டுப் பார்த்தாள். அப்போதுதான் நான் பிள்ளையின் சட்டையைக் கவனித்தேன். அதில் ஒரு பட்டன் மாதிரி இன்னொரு பட்டன் இல்லை. முற்றத்தில் அழாதவர் யாருமில்லை, நானும் அழுதேன். அழுது முடிப்பதற்குள் மாமா பெயரைச் சொல்லிவிட்டார். அஃபுவா நியாமெச்சே, கடவுள் கொடுத்தவள். எல்லாரும் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லிக் குலவையிட்டார்கள். என் குரல்தான் முந்திக்கொண்டு வந்தது. அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்தேன் அல்லவா.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனேன். வெள்ளியைத் திறந்து, பெயரிடாதது 1 என்பதை அழித்துவிட்டு, ஒரு விரலால் அந்தப் பெயரைத் தட்டினேன். பத்து நிமிடம் ஆயிற்று. மற்றவற்றையும் அவரவர் கிழமைக்குத் திருப்பி அனுப்பினேன். ராஜினாமா, விவாகரத்து, காதல் எல்லாம் மறுபடியும் பெயரில்லாமல் நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொண்டன. கடைசியில் செவ்வாய்க்குப் போனேன்.

திறக்காதே என்று அவள் சொல்லாமல் இருந்திருந்தால் திறந்திருக்க மாட்டேன். சத்தியமாக.

கடைப் பலகைக்கான மாதிரி அது. நீலப் பின்னணியில் வழக்கம்போல் 'போவாட்டெமா எழுத்தகம்' என்று இல்லை. 'போவாட்டெமா - ஞந்தாச்சி எழுத்தகம்' என்று இருந்தது. ஞந்தாச்சி என்பது நான்தான், குவாபெனாவுக்குப் பின்னால் வருகிற என் பெயர். என் பெயரின் எழுத்துகளை அவள் பெயரின் எழுத்துகளை விடக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, பிறகு மனம் மாறி, பக்கத்திலேயே இன்னொன்று சம அளவில் போட்டுப் பார்த்திருந்தாள். திரையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. ஆள் ஒருவர் வந்து, அச்சு உண்டா என்று கேட்டபோதுதான் மூடினேன்.

சனிக்கிழமை மதியம் போவாட்டெமா வந்து இறங்கினாள். பையைக்கூட வைக்காமல் கணினி முன்னால் போய் உட்கார்ந்தாள். வெள்ளியைப் பார்த்தாள், வியாழனைப் பார்த்தாள், முகத்தில் எதையும் காட்டவில்லை. செவ்வாயில் கொஞ்ச நேரம் நின்றாள்.

"இதைத் தொறந்தியா?"

இல்லை என்று சொல்ல வாய் எடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளை மதுவுக்கு முகத்தைச் சுளித்தது ஞாபகம் வந்தது.

"தொறந்தேன்," என்றேன்.

"தெரியும். எப்ப தொறந்தாங்க, எப்ப மூடினாங்கன்னு இது நேரம் போட்டு வச்சுக்கும். வெள்ளிக்கிழமை எட்டு பத்துல இருந்து எட்டு அம்பது வரைக்கும் ஒரே பலகையை என்னய்யா பாத்த?" சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். "பெயிண்டர் திங்கட்கிழமை வர்றான். வாசல் தாண்டப் போகுது. பேர் வை."

உட்கார்ந்தேன். என் பெயரின் முதல் எழுத்து விசைப்பலகையில் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கே அரை நிமிடம் ஆயிற்று. அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் மவுஸை இரண்டு தரம் கியர் மாதிரித்தான் இழுத்தேன். அவள் பிடுங்கவில்லை.